முகப்பு விளக்கின் மேல்தோல்

காரின் முகப்பு விளக்கில் ஒட்டப்படும் நிறமற்ற பாதுகாப்புப் படலம் 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள பாலியூரிதேன் தாள். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கீறல் தாங்கும் பூச்சு. சோப்புத் தண்ணீரும், அதை வழித்தெடுக்க ஒரு ரப்பர் பட்டையும், சூடு காட்ட ஹீட் கன்னும், ஓரம் வெட்ட ஒரு பிளேடும் இருந்தால் வண்டிக்காரரே வீட்டு வாசலில் ஒட்டிக்கொள்ளலாம். சன் ஃபிலிம் கடையில் கொடுத்தும் ஒட்டி வாங்கலாம். பொருள் புதியதுதான். ஆனால் முகப்பு விளக்கை எதையாவது கொண்டு மூடுகிற பழக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அந்த மூடியின் வேலை இத்தனை காலத்தில் தலைகீழாகிவிட்டது. தொடக்கத்தில் விளக்கின் ஒளியிலிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற மூடினார்கள். இன்று கல்லிலிருந்தும் வெயிலிலிருந்தும் விளக்கைக் காப்பாற்ற மூடுகிறார்கள். நடுவில் நடந்தது ஒன்றுதான்: எந்தக் கடையிலும் கிடைத்த மலிவான விளக்கு, அந்தந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும் விலையுயர்ந்த உறுப்பாக மாறியது.

முதல் கார்களில் எரிந்தவை எண்ணெய் விளக்குகள். 1892இல் தாமஸ் வில்சன் கால்சியம் கார்பைடை மலிவாகத் தயாரிக்கும் வழியைக் கண்டபின், கார்பைடு விளக்குகள் வந்தன. கார்பைடுக் கட்டியின் மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். அது வெள்ளை வெளேரென்று எரியும். திருவிழாக் கடைகளில் நெடுங்காலம் எரிந்ததும் இதே வெளிச்சந்தான். 1904இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் அலிசனும் அசிட்டிலீனை உருளையில் அடைத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார்கள். அந்த விளக்குகளின் முன்னால் இருந்த கண்ணாடி, தீயைக் காற்றிலிருந்து காப்பதற்கானது. கண்ணாடியையே காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை. உடைந்தால் தட்டைக் கண்ணாடி ஒன்றை வெட்டிப் பொருத்தினால் முடிந்தது.

மின்விளக்கு 1898இலேயே கொலம்பியா மின்சாரக் காரில் கூடுதல் வசதியாக வந்திருந்தாலும், குலுங்கும் சாலையில் இழைகள் அறுந்துபோயின. 1912இல் காடிலாக் கார் மின் ஸ்டார்ட்டரையும் விளக்கையும் ஒரே அமைப்பாகத் தந்தபிறகுதான் மின்விளக்கு நிலைபெற்றது. கூடவே வந்தது கண் கூச்சம். குழியாடியின் குவியத்தில் வைத்த இழை தரும் கற்றை, எதிரே வருபவருக்கு எண்ணெய் விளக்கு தராத தொல்லையைத் தந்தது. நகரங்கள் சட்டம் போட்டன; கண்ணாடித் தொழில் அதற்கு விடை சொன்னது. கார்னிங் நிறுவனம் 1917இல் கோனாஃபோர் என்ற பெயரில் வரிவரியாக வார்த்த விளக்குக் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒளியைக் கீழே வளைப்பது அந்த வரிகளின் வேலை. அதே கண்ணாடி இளமஞ்சள் நிறத்திலும் கிடைத்தது. 1924இல் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளை வைத்து பைலக்ஸ் என்று பெயரிட்டது. இன்று ஓட்டுநர்கள் 'டிம்', 'பிரைட்' என்று சொல்லும் பிரிவு அப்போதுதான் ஒரே விளக்குக்குள் வந்தது. சில ஆண்டுகளில் அதை மாற்றும் சுவிட்ச் ஓட்டுநரின் இடது காலடிக்குப் போனது. பழைய அம்பாசடரை ஓட்டியவர்களுக்கு அந்தச் சுவிட்ச் காலுக்கு நினைவிருக்கும்.

பல்பு தானாகவே தாழ்ந்த ஒளியைத் தந்த பிறகும் விளக்கின் மேல் ஒட்டுவதும் பூசுவதும் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டுவதும், மேற்பாதியில் கறுப்போ மஞ்சளோ பூசுவதும் பல தலைமுறை வண்டிகளில் காணப்பட்ட பழக்கம். போக்குவரத்துக் காவலர்கள் சிக்னலில் வண்டிகளை நிறுத்தித் தாங்களே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இயக்கங்களும் நடந்திருக்கின்றன. இதன் அடிப்படை நோக்கம் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதியாக இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து 0.5 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்கு ஒளி கூசக்கூடாது என்று அது அளவு சொல்கிறது. ஆனால் அந்த அளவை எட்டுவதற்குப் பொட்டு எவ்வளவு உதவியது என்பது ஐயத்துக்குரியது. குழியாடி விளக்கில் கண்ணாடியின் ஒவ்வொரு பகுதியும் கற்றையின் பல இடங்களுக்கும் ஒளி அனுப்புகிறது. ஒரு பகுதியை அடைத்தால் எதிரே வருபவரின் கூச்சம் குறைகிற அளவுக்குச் சாலையில் விழும் வெளிச்சமும் குறையும். விளக்கின் சாய்வைத் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்வது பொட்டைவிடப் பலமடங்கு பயன் தரும். ஆனால் திருகாணி சரியாக இருக்கிறதா என்பதைச் சாலையில் நிற்கும் காவலரால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பொட்டு இருக்கிறதா என்பதைச் சொல்ல முடியும். பழக்கம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

நிறத்தால் கூச்சத்தைக் குறைக்க முயன்ற நாடு பிரான்ஸ். 1936இல் அங்கு எடுக்கப்பட்ட முடிவின்படி முகப்பு விளக்குகள் மஞ்சளாக எரிய வேண்டும் என்றாயிற்று. புதிய வண்டிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் எல்லா வண்டிகளுக்கும் விதி விரிந்தது. நீல ஒளி மூடுபனியிலும் ஈரச் சாலையிலும் அதிகம் சிதறிக் கண்ணை உறுத்துகிறது, அதை வடிகட்டிவிட்டால் பார்வை தெளியும் என்பது அதன் பின்னிருந்த கருத்து. போர் வந்தால் பகைவரின் வண்டியைப் பிரித்தறியவே இந்த ஏற்பாடு என்று ஒரு கதையும் பிரான்சில் பரவலாகச் சொல்லப்பட்டது. மஞ்சள் பெரும்பாலும் பல்பின் கண்ணாடியிலேயே காட்மியம் கலந்து பெறப்பட்டது. ஐரோப்பிய விதிகளோடு இணங்கிப்போக 1993இல் பிரான்ஸ் கட்டாயத்தைக் கைவிட்டது. அதுவரை இங்கிலாந்திலிருந்து கால்வாய் கடந்து விடுமுறைக்குப் போனவர்களில் பலர், புறப்படுமுன் தங்கள் விளக்கின் மேல் மஞ்சள் படலமோ மஞ்சள் அரக்கோ ஏற்றிக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் சுரண்டி எடுத்தார்கள்.

அந்தப் பயணிகளுக்கு நிறத்தைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று இருந்தது. இடப்பக்கம் ஓடும் நாடுகளின் டிம் ஒளி, நடந்து செல்பவரையும் பெயர்ப்பலகையையும் காட்டுவதற்காக இடது ஓரத்தில் சற்று மேலே ஏறும். வலப்பக்கம் ஓடும் நாட்டுக்குள் அதே வண்டி நுழைந்தால், மேலே ஏறும் அந்த ஒளி நேராக எதிரே வருபவரின் கண்ணில் விழும். விளக்கின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒட்டும் சிறு கறுப்பு வில்லைகள் இதற்காகவே விற்பனைக்கு வந்தன. எங்கே ஒட்ட வேண்டும் என்பதற்கு மாடல் வாரியான படம் உறையோடு வரும். ஓட்டுநர் தாமே, அளவு பார்த்து, விளக்கைத் துடைத்து, காற்றுப் புகாமல் படலம் ஒட்டும் வேலையின் தெளிவான முன்மாதிரி இந்த வில்லைகள்தாம்.

இதே உத்தியை ஒரு நாடு முழுவதும் ஒரே நாளுக்காகப் பயன்படுத்தியது ஸ்வீடன். 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலை 5 மணிக்கு அந்நாடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அதற்கு முன்பே விற்ற புதிய கார்களில் வலப்பக்கத்துக்கான விளக்குகள் பொருத்தப்பட்டு, மேலேறும் ஒளியை மறைக்க ஒளிபுகா ஒட்டி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. 1967 செப்டம்பர் 3க்கு முன் இதை அகற்றக் கூடாது என்று அதன் மேலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள். மாற்றத்தை மேலும் தள்ளிப்போடாததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. அன்றைய ஸ்வீடன் கார்களில் பெரும்பாலானவை ஒரே அளவுள்ள மலிவான வட்ட விளக்குகளைக் கொண்டிருந்தன. மாடலுக்கு ஒன்றாகத் தனி வடிவ விளக்குகள் பரவத் தொடங்கியிருந்தன. தாமதித்தால் நாடெங்கும் விளக்கு மாற்றும் செலவு எகிறிவிடும் என்பதை அதிகாரிகள் சரியாகவே கணித்தார்கள்.

ஸ்வீடனுக்கு முன்பே விளக்கை மூடிய பெரிய நிகழ்வு இரண்டாம் உலகப் போர். பிரிட்டனில் 1939 செப்டம்பர் 1 அன்று இருட்டடிப்பு தொடங்கியது. மேலே பறக்கும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்பதால், முகப்பு விளக்குக்கு இரும்பு முகமூடி போட்டு, அதிலுள்ள கீற்றுகள் வழியே மட்டும் ஒளியைத் தரையை நோக்கி விட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சாலை ஓரக் கற்களுக்கும் வண்டியின் பம்பருக்கும் வெள்ளையடித்தும் பலனில்லை. அந்த முதல் மாதத்தில் சாலை விபத்துச் சாவுகள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ இரட்டிப்பாயின. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின; மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னையிலும் இருட்டடிப்பு விதிகள் இருந்தன. அந்த ஏப்ரலில் நகரை விட்டு வெளியேறுமாறு அரசே சொன்னபோது, பெருங்கூட்டம் உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பியது. 1965, 1971 போர்களின்போது வடக்கிலும் மேற்கிலும் உள்ள இந்திய நகரங்களில் விளக்கின் மேற்பாதிக்குக் கறுப்புப் பூசும் காட்சி திரும்பவும் வந்தது. கூச்சத்துக்குப் பூசிய கறுப்பும் குண்டுக்குப் பயந்து பூசிய கறுப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன.

விளக்கையே காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் முதலில் பந்தயப் பாதையில் பிறந்தது. 1923 மே மாதம் பிரான்சின் லெ மான்ஸில் முதல் 24 மணிநேரப் பந்தயம் நடந்தது. தார் போடாத பாதை. முன்னே போகும் வண்டி கிளப்பும் கல் பின்னே வரும் வண்டியின் மேல் சரமாரியாக விழும். ஜான் டஃபும் ஃபிராங்க் கிளமென்டும் மாறி மாறி ஓட்டிய பென்ட்லி காரின் ஒரு முகப்பு விளக்கைக் கல் உடைத்தது. இரவு முழுவதும் ஒற்றை விளக்கில் ஓட்டினார்கள். விடிந்தபின் இன்னொரு கல் பெட்ரோல் தொட்டியைத் துளைத்து வண்டி நடுப்பாதையில் நின்றது. கிளமென்ட் சைக்கிளில் பெட்ரோலைச் சுமந்துகொண்டு போய்த் துளையை அடைத்து வண்டியைக் கிளப்பிவந்தார். நான்காம் இடம் கிடைத்தது. மறு ஆண்டு அதே இருவரும் விளக்குகளின் முன்னால் கம்பி வலை பொருத்தி, தொட்டிக்கும் காப்புக் கட்டி வந்து பந்தயத்தை வென்றார்கள். அந்த வலை பிற்காலத்தில் பழைய பென்ட்லியின் அழகுச் சின்னமாகிவிட்டது. ஜீப்புகளிலும் லேண்ட் ரோவர்களிலும் பின்னால் பரவிய விளக்குக் கம்பிகளும் அந்த வகையினவே. பந்தயக் கார்களில் இன்னொரு வழக்கமும் வேரூன்றியது: விளக்குக் கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவது. உடைந்தாலும் சில்லுகள் பாதையில் சிதறி மற்றவர்களின் டயரைக் கிழிக்காமல் இருக்க அது உதவியது.

அந்த டேப்பே கார்த் தொழிலிலிருந்து வந்ததுதான். 1920களில் இரண்டு வண்ணக் கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு வண்ணம் அடித்து முடித்து அடுத்ததை அடிக்கும்போது முதல் வண்ணத்தை மறைக்கப் பயன்படுத்திய ஒட்டுத் தாள்கள், உரிக்கும்போது பெயின்டையும் கூட உரித்துக்கொண்டு வந்தன. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் 3எம் நிறுவனத்தின் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாள் மாதிரி கொடுக்கப் போன பட்டறையில் பெயின்டர்கள் இதற்காகத் திட்டித் தீர்ப்பதைக் கேட்டார். 1925இல் அவர் உருவாக்கிய மாஸ்கிங் டேப், அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் தடமின்றி வரும் பசைக்கு வழி திறந்தது. 1930இல் அவரே செல்லோபேன் டேப்பையும் செய்தார். தண்ணீரோ சூடோ இல்லாமல் அழுத்தத்தால் மட்டும் பிடிக்கும் இந்த வகைப் பசைதான் இன்றைய விளக்குப் படலத்தின் பின்புறத்தில் இருப்பது.

படலத்தின் மேற்பகுதியான பாலியூரிதேன் தாளுக்குப் பிறப்பிடம் வியட்நாம் போர். ஹெலிகாப்டர் தரையிறங்கும்போது கிளம்பும் மணலும் சரளையும் சுழலும் இறகுகளின் முன்விளிம்பைத் தின்றுவிட்டன. அமெரிக்க ராணுவத்தின் கேள்விக்கு விடையாக 3எம் தந்தது, அடி விழுந்தால் உள்வாங்கிக்கொண்டு மீண்டும் விரியும் பாலியூரிதேன் டேப். உலோகத்தைவிட ரப்பர் போன்ற மென்மை மணலை நன்றாகத் தாங்கியது. போருக்குப் பிறகு பந்தயக் குழுக்கள் அதைக் காரின் மூக்கில் ஒட்டத் தொடங்கின. அந்த வட்டாரங்களில் அதற்கு ஹெலிகாப்டர் டேப் என்றே பெயர். பின்னர் சாலைக் கார்களின் பெயின்டைக் காக்கும் படலமாக அது கடைக்கு வந்தது.

ஆனாலும் சாதாரணக் காரின் விளக்கில் அதை ஒட்டக் காரணம் எதுவும் அப்போது இல்லை. அமெரிக்கா 1940 மாடல் ஆண்டு முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவிலான 7 அங்குல சீல்டு பீம் வட்ட விளக்கைக் கட்டாயமாக்கியிருந்தது. இழை, ஆடி, கண்ணாடி மூன்றும் ஒரே மூடிய உறுப்பு. எரிந்துபோனாலோ உடைந்தாலோ முழுவதையும் கழற்றிவிட்டு எந்தக் கடையிலும் புதியது வாங்கலாம். இந்தியாவிலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. அம்பாசடர், ஃபியட், ஜீப், லாரி என்று எல்லாவற்றின் முகத்திலும் வட்ட விளக்குகள். கண்ணாடி உடைந்த வண்டிக்காரர் சென்னை புதுப்பேட்டையிலோ தம் ஊர் உதிரிபாகக் கடையிலோ வேறொன்று வாங்கிப் பொருத்திக்கொண்டார். கண்ணாடி மஞ்சளிப்பதில்லை, மங்குவதில்லை. அமெரிக்காவில் 1968 முதல் நடைமுறைக்கு வந்த வாகன விளக்குத் தரவிதி, எரியும் முகப்பு விளக்கின் முன்னால் எந்த மூடியும் இருக்கக்கூடாது என்றே சொன்னது. ஜாகுவார் ஈ-டைப் காரின் விளக்கு மேல் இருந்த அழகான கண்ணாடி மூடி அதனால் எடுபட்டது.

இந்த ஏற்பாட்டை உடைத்தது பெட்ரோல் விலை. 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு காற்றைக் கிழித்துப் போகும் வடிவம் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற கணக்கு முன்னுக்கு வந்தது. நெட்டக்குத்தலாக நிற்கும் வட்ட விளக்கு அதற்குத் தடை. 1981இல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்க அரசிடம் மனுச் செய்தது. 1983இல் விதி தளர்ந்தது: பல்பை மட்டும் மாற்றக்கூடிய, எந்த வடிவிலும் வார்க்கக்கூடிய விளக்குகளுக்கு அனுமதி, அவற்றின் முன்முகம் கெட்டிப்பூச்சு பூசிய பாலிகார்பனேட்டாகவும் இருக்கலாம். 1984 மாடல் லிங்கன் மார்க் 7 அந்த வகையின் முதல் அமெரிக்கக் கார். ஐரோப்பா 1990களில் பிளாஸ்டிக் முன்முகத்தை ஏற்றது. அதே பத்தாண்டில் தாராளமயத்துக்குப் பின் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு மாடல்களோடு பிளாஸ்டிக் விளக்கும் இங்கு பரவியது. லூகாஸ் டிவிஎஸ், ஜப்பானின் கொய்ட்டோவோடு சேர்ந்து விளக்குத் தயாரிப்பில் இறங்கியதும் அந்த ஆண்டுகளில்தான்.

பாலிகார்பனேட் 1953இல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பிறந்த பொருள். ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே அதை உருவாக்கினார்கள். இடைவெளி ஒரு வாரம் என்பார்கள். ஃபாக்ஸ் தேடியது மின்கம்பிக்கு மேலுறை. கிடைத்ததோ கலக்கும் தண்டைச் சுற்றி இறுகிக்கொண்ட, சுத்தியலால் அடித்தும் உடையாத கட்டி. கார்த் தொழிலுக்கு அது எல்லா வகையிலும் பொருந்தியது. கண்ணாடியின் அடர்த்தியில் ஏறக்குறைய பாதி. எந்த வளைவுக்கும் வார்க்கலாம். கல் பட்டால் சில்லாகத் தெறிக்காது.

வெயிலில் மட்டும் அது தோற்றது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்து வேறு விதமாகச் சேர்க்கின்றன. புதிதாக உண்டாகும் சேர்மங்கள் நீல ஒளியை விழுங்குவதால் பிளாஸ்டிக் மஞ்சளாகத் தெரிகிறது. காற்றின் ஆக்சிஜன் மேற்பரப்பை அரித்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. கீறலும் எளிதில் விழும். புழுதி படிந்த விளக்கை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். இவற்றைத் தடுக்கத்தான் தொழிற்சாலையில் சில மைக்ரான் தடிமனில் கெட்டிப்பூச்சு பூசி அனுப்புகிறார்கள். பூச்சு உள்ள வரைக்கும் விளக்கு தெளிவாக இருக்கும். அது மணலாலும் மழையாலும் வெயிலாலும் தேய்ந்தபின் சரிவு வேகமாகிறது. மேற்பகுதி அதிகமாகவும் கீழ்ப்பகுதி குறைவாகவும் மஞ்சளிப்பதைப் பார்த்தாலே உச்சிவெயிலின் கைவரிசை புரியும். நிழலில் நிறுத்தும் காருக்கும் தெருவில் காயும் காருக்கும் சில ஆண்டுகளிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். அமெரிக்க மோட்டார் வாகனக் கழகமான ஏஏஏ 2018இல் வெளியிட்ட ஆய்வு, மங்கிய விளக்குகள் டிம் நிலையில் புதிய விளக்கின் ஒளியில் 22 சதவீதத்தை மட்டுமே தந்ததாகக் கண்டது. தேய்த்துப் புதுப்பித்தபின் அது ஏறத்தாழ 70 சதவீதம் வரை மீண்டது.

மங்கிய விளக்குக்கு மக்கள் கண்ட முதல் மருந்து பற்பசை. அதிலுள்ள நுண்ணிய தேய்ப்புத்தூள் மேல்படலத்தைச் சுரண்டி ஒரு தற்காலிகப் பளபளப்பைத் தரும். கொசு விரட்டும் திரவத்தைத் தடவும் உத்தியும் உலகெங்கும் பரவியது. அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பாலிகார்பனேட்டின் மேற்பரப்பையே இளக வைப்பதால் அது கொஞ்ச நேரம் மினுங்குகிறது. உண்மையில் நடப்பது கூடுதல் சேதம். ஒழுங்கான வழி, தண்ணீரோடு 800, 1000, 2000, 3000 எண் உப்புத்தாள்களால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போடுவது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தேய்க்கும்போது மிச்சமிருந்த கெட்டிப்பூச்சும் போய்விடுகிறது. காப்பில்லாத பிளாஸ்டிக் முன்பைவிட விரைவாக மஞ்சளிக்கும். தேய்த்துத் தரும் கடைக்காரர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. தேய்த்த விளக்கின் மேல் புற ஊதாவைத் தடுக்கும் பூச்சோ படலமோ ஏற வேண்டும்.

அந்த இடத்தில்தான் ஹெலிகாப்டர் டேப்பின் வழித்தோன்றல் விளக்குக்கு வந்து சேர்ந்தது. முதல் தலைமுறைப் படலங்கள் வெயிலில் தாமே மஞ்சளித்தன. ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் வேறு நிறமாகி வண்டி தேமல் பிடித்ததுபோல் ஆனது. வெயிலைத் தாங்கும் வேறு வகைப் பாலியூரிதேனுக்கு மாறி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். பிறகு வந்தது, வெயில் சூட்டிலேயே மேலோட்டமான கீறல்கள் தாமே மூடிக்கொள்ளும் மேற்பூச்சு. ஒட்டும் முறையை எளிதாக்கியதில் கணினிக்கும் பங்குண்டு. 1997இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் தொடங்கிய எக்ஸ்பெல் நிறுவனம், முதலில் செய்தது படலம் அல்ல. எந்தக் காருக்கு எந்த வடிவில் படலத்தை வெட்ட வேண்டும் என்று வெட்டும் இயந்திரத்துக்குச் சொல்லும் மென்பொருள். விளக்கின் வடிவத்துக்கு முன்கூட்டியே வெட்டிய துண்டு தபாலில் கிடைக்கத் தொடங்கியபோது, சொந்தமாக ஒட்ட நினைப்பவரின் பாதி வேலை முடிந்தது.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குக் கைகள் முன்பே தயாராக இருந்தன. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் சன் ஃபிலிம் ஒட்டி வந்தவர்கள், தண்ணீரின் மேல் படலத்தை மிதக்கவிட்டு வழித்தெடுக்கும் நுட்பத்தில் தேர்ந்தவர்கள். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதைத் தடைசெய்தது. மே 4 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி புக வேண்டும் என்பது ஏற்கெனவே இருந்த விதி. கண்ணாடியின் மேல் எந்தத் தாளும் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பு அதை இறுக்கிப் பொருள் கொண்டது. பெயின்டுக்கும் விளக்குக்குமான நிறமற்ற படலத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அதே கைகள் அதே கருவிகளோடு இந்த வேலைக்கு வந்தன.

ஒட்டும் முறையில் அடிப்படை விதி ஒன்றே: படலம் நிலைகொள்ளும் வரை பசை ஈரமாக இருக்க வேண்டும். உலர்ந்த பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு குழந்தை ஷாம்பு கலந்து விளக்கு, கைவிரல்கள், உரித்த படலத்தின் பசைப்பக்கம் மூன்றிலும் தெளிக்க வேண்டும். அதற்கு முன் விளக்கைக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஓரத்து இடுக்கில் ஒளிந்திருக்கும் மணலைத் துணியால் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான தோல்விகள் இந்த இடுக்கு அழுக்கால் வருபவை. வழிக்கும்போது அது வெளியே வந்து படலத்தின் அடியில் சிக்கிக்கொள்ளும்.

முன்வெட்டாத தாளானால், சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, நடுவில் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் தண்ணீரை வழிக்கிறார்கள். வளைவு அதிகமான இடங்களில் படலம் சுருங்கி மடியும். அங்கே ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டே சூடு காட்டி மெல்ல இழுத்தால் அது நீண்டு படியும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் படலமும் விளக்கும் சேர்ந்து பாழாகும். ஓரம் பிடிக்க மறுத்தால் தண்ணீரில் கொஞ்சம் ஆல்கஹால் கலந்து அந்த இடத்தில் விட்டு, சோப்பைக் கழுவி, பசை பிடிக்க வைக்கலாம். பிளேடால் வெட்டுவது விளக்குக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள சந்தில், மேலோட்டமாக. விளக்கின் மேல் வைத்து அழுத்தினால் ஆயுளுக்கும் ஒரு கோடு நிற்கும். வேலை முடிந்தபின் தெரியும் சிறு நீர்க்குமிழிகள் சில நாட்களில் ஆவியாகிவிடும். காற்றுக்குமிழி தானாகப் போகாது, அதை அப்போதே வழித்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக் கோடையில் இந்த வேலைக்கு உகந்தது காலை நேரமும் நிழலும். சூடான விளக்கில் சோப்புத் தண்ணீர் நிமிடத்தில் காய்ந்து பசை பிடித்துக்கொள்ளும். ஒட்டியபின் ஒரு வாரம் அழுத்தத் தண்ணீரால் கழுவாமல் இருப்பது நல்லது.

லேசாகத் தேய்த்த விளக்கின் மேல் ஒட்டும்போது ஒரு நன்மை கிடைக்கிறது. உப்புத்தாளின் நுண்கோடுகளைப் பசை நிரப்பிவிடுவதால், பாலிஷ் போடாத பரப்பும் படலத்தின் அடியில் தெளிவாகிறது. ஆனால் மஞ்சளித்த விளக்கின் மேல் தேய்க்காமல் ஒட்டினால் மஞ்சள் உள்ளே அப்படியே தங்கும். விளக்கின் உள்பக்கம் மங்கியிருந்தாலும், நீர் கோத்திருந்தாலும் படலம் எதுவும் செய்யாது.

நிறமற்ற படலம் ஒளியைச் சிறிதளவே குறைக்கும். புகை நிறத்திலும் வண்ணங்களிலும் விற்கும் படலங்கள் வேறு ரகம். விளக்கின் ஒளியையே வெட்டிவிட்டு அழகு பார்க்கும் அவை பல நாடுகளில் சட்டத்துக்கு எதிரானவை. பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் விளக்கின் ஒளியைக் கண்கூடாகக் குறைக்கும் அல்லது நிறத்தை மாற்றும் எந்தப் பொருளும் விளக்கின் மேல் இருந்தால் வண்டி தேறாது.

எல்இடி விளக்குகள் வந்தபின் படலத்துக்கான காரணம் இன்னும் வலுத்திருக்கிறது. ஹாலஜன் பல்பைவிட எல்இடி முன்பக்கத்துக்கு அனுப்பும் வெப்பம் மிகக் குறைவு, ஆகவே படலத்தின் மேல் சுமையும் குறைவு. ஆனால் பல்பு, ஆடி, மின்னணுப் பகுதி, முன்முகம் எல்லாம் ஒரே கூட்டில் அடைபட்டிருப்பதால், முன்முகம் விரிசல் விட்டால் பெரும்பாலும் முழு விளக்கையே மாற்ற வேண்டியிருக்கிறது. 1940இன் சீல்டு பீம் போலவே இதுவும் ஒற்றை உறுப்புத்தான். எந்தக் கடையிலும் கிடைக்கிற மலிவு மட்டும் அதில் இல்லை.

நல்ல படலமும் சில ஆண்டுகளில் ஓரம் தூக்கி, மேற்பூச்சு மங்கி, மாற்றும் கட்டத்துக்கு வரும். உரிக்கும்போது சூடு காட்டி, விளக்கின் பரப்போடு ஒட்டினாற்போல் தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் பசை பிரிந்து விளக்கிலேயே தங்கிவிடும். தங்கிய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த மென்துணியால் எடுக்கலாம். பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட்டில் நுண்வெடிப்புகளை உண்டாக்குவதால் பயன்படுத்தக்கூடாது.